காரை இறக்கலாம்... சரிபார்ப்பது யார்?

குமரி மாவட்டத்தில் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை. காலேஜ் பையன்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கார், பைக் பக்கம்தான் வந்து நிற்கும். அதில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு ஆசை, காரை "லோ" பண்ணுவது. கம்பெனி போட்டுத் தந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த, கொஞ்சம் கடினமான லோயரிங் ஸ்பிரிங்கை மாட்டி, காரை மூன்று நாலு சென்டிமீட்டர் கீழே இறக்குவது. ஒர்க் ஷாப்பில் கொடுத்தால் கூலி ஆகும். வீட்டு முற்றத்தில் செய்தால் மிச்சம். யூடியூபில் வீடியோ இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஜாக்கி இருக்கிறது... வேறென்ன வேண்டும்?

இந்த ஆசையை வெறும் பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது. கார் தாழ்ந்தால் அதன் ஈர்ப்பு மையமும் தாழும். வளைவில் உடம்பு சாய்வது குறையும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் குறுக்கே அடிக்கும் காற்றில் வண்டி ஓட்டியவர்களுக்கு, கார் ரோட்டோடு ஒட்டி நிற்பதன் அருமை தெரியும். தன் கையால் ஒரு வேலை செய்து பார்க்கத் துடிக்கும் பையனைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவனை விட அவன் எவ்வளவோ மேல்.

வேலையும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. காரைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிரேக் ஹோஸின் கிளிப்பை எடுத்து, கீழே இரண்டு பெரிய போல்ட், மேலே பானெட்டுக்குள் உள்ள நட்டுகள் ஆகியவற்றைக் கழற்றினால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் முழுசாக வெளியே வந்துவிடும். பெரும்பாலான சின்னக் கார்களின் முன்பக்கம் இப்படித்தான்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. வெளியே எடுத்த பிறகும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் இருக்கும். ஸ்பிரிங் கம்ப்ரசர் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக இறுக்கிய பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். கம்ப்ரசர் இல்லாமல் நட்டைக் கழற்றினால், அல்லது கம்ப்ரசரின் கொக்கி வழுக்கினால், மேல் மூடி முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

செலவே வேண்டாம் என்று, இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த ஹூக் விதி இங்கே உதவும். ஸ்பிரிங்கின் கடினம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 6 சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் ஏறிவிடும். போதாக்குறைக்கு, வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் தளரும்போது, அது இடம் மாறி உட்காரவும் கூடும்.

சரி, வெட்டவில்லை. நல்ல ஸ்பிரிங், நல்ல கருவி, கைக்காயம் எதுவும் இல்லை. ஞாயிறு சாயங்காலம் கார் அழகாகத் தாழ்ந்து நிற்கிறது. வேலை முடிந்ததா?

இல்லை. கார் இறங்கினால் சக்கரத்தின் கோணங்கள் மாறும். அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஹெட்லைட்டின் குறி மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ஷாக் அப்சார்பர் தன் ஓட்டத்தின் அடிப்பகுதியிலேயே வேலை செய்யும், சீக்கிரம் தளரும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சில கார்களில் பின்பக்கம் சுமையை அறிந்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. காரின் உயரத்தை வைத்துத்தான் அது சுமையைக் கணக்கிடுகிறது. காரை இறக்கிவிட்டால், காலி வண்டியையும் ஆள் நிறைந்த வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கை அதிகம் பிடிக்கும். மழையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது.

அடுத்தது ரோடு. முறைப்படி அமைத்த வேகத்தடைக்கு இந்திய ரோடு காங்கிரஸ் சொல்லும் அளவு, உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அவ்வளவு அகலமாக இருந்தால் சக்கரங்களும் கூடவே ஏறி இறங்குவதால், இறக்கிய கார்கூடத் தப்பித்துவிடும். ஆனால் உள் ரோடுகளில் அதே உயரத்தை ஒரு முழத்துக்குள் எழுப்பிய தடைகளும் உண்டு. அதன் மேல் போகும்போது தடை முழுவதும் காரின் வயிற்றுக்கு நேர் கீழே வரும். 2005-ல் வந்த மாருதி ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொன்ன இடைவெளி 170 மில்லிமீட்டர். 40 இறக்கினால் 130. தடைக்கு 100 போனால் மிச்சம் மூன்று சென்டிமீட்டர். ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் அந்த மூன்றும் அனேகமாகக் காலி! நல்ல பாலம் வேண்டும் என்று கேட்டு மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் 2019-ல் திறக்கப்பட்டன. ஆனால் பாலத்தை விட்டு இறங்கிக் குளத்தங்கரை ரோட்டில் திரும்பித்தானே வீட்டுக்குப் போக வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் யார்? பெரும்பாலும் அப்பா!

இங்கேதான் சட்டத்தின் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. தடை என்று சொல்லிவிட்டால் ஆசை போய்விடுமா? போகாது. முற்றத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஜெர்மனியில் லோயரிங் ஸ்பிரிங் திருட்டுத்தனமான பொருள் அல்ல. சோதனைச் சான்றோடு விற்கிறார்கள். தேவைப்படும் இடத்தில், மாட்டிய பிறகு டியூஃப் போன்ற அமைப்பின் பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொள்வார். அதை வண்டிப் பேப்பரில் பதியும் முறையும் உண்டு. இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட்டை மாட்டி, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பதியலாம். எரியும் வாயுவைக் காரில் ஏற்றச் சோதனையும் பதிவும் போதும் என்றால், ஒரு ஸ்பிரிங்குக்கு அப்படி ஒரு வழி ஏன் கூடாது?

அந்த வழி வரும்வரை, வீட்டு முற்றத்தில் மாட்டிய ஸ்பிரிங்கை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. மாட்டியவன் கண்ணால் பார்த்து "சரிதான்" என்று சொல்வது மட்டுமே அதற்குச் சான்று. திங்கட்கிழமை அதே காரில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவார். வெள்ளிக்கிழமை அத்தை வீட்டார் சுசீந்திரம் கோயிலுக்குப் போவார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்கினான் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. எதிரே சைக்கிளில் வருகிறவருக்கு நிச்சயம் தெரியாது.

கை துறுதுறுக்கிறதா? தெரிந்த மெக்கானிக்கிடம் ஞாயிறுதோறும் போய் நிற்கலாம். கழித்துப் போட்ட ஸ்ட்ரட் ஒன்றை, அவர் கண்ணெதிரே, கம்ப்ரசர் மாட்டிக் கழற்றித் திரும்பப் பூட்டலாம். நாலு முறை செய்தால் வேலை கையில் நிற்கும். வீட்டுக் காரில் ஆயில் மாற்றுவது, பிளக் பார்ப்பது, ஸ்டெப்னி மாட்டுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். அந்தக் காரின் உயரம் மட்டும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும்.