ஊர்க் கணக்கில் விடுபட்டவர்கள்

1916 வாக்கில், சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். எத்தனை வீடு, எத்தனை தலை, யாரிடம் நிலம், யாருக்கு எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதி வரவேண்டும். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலான ஊர்கள் 1918இல் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான். 1930களிலும் பிறகும் அறிஞர்கள் இந்த ஊர்களைத் தேடிப் போய் மறுபடி கணக்கெடுத்தார்கள்.

அந்த யோகம் எல்லா ஊருக்கும் வாய்க்கவில்லை. 2011 கணக்குப்படி நாட்டில் இருந்த சுமார் 6.4 லட்சம் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்கு சென்சஸ் தரும் சில வரிகள்தான் சரித்திரம்: வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், பட்டியல் சாதியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், வேலை செய்பவர்.

இந்த வரிகளை அற்பமாக நினைக்க வேண்டாம். சேலம், தருமபுரிப் பக்கம் பெண் சிசுக்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வியை 1991 கணக்கின் குழந்தைகள் கட்டம் மறைக்கவிடவில்லை. அந்தச் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது.

வயதுக் கட்டம் கொஞ்சம் வேடிக்கையானது. கணக்கெடுக்க வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் வாத்தியாரிடம், "தனுஷ்கோடி புயலப்போ நான் கைக்குழந்தை" என்பார் பெரியவர். வாத்தியார் 1964ஐ வைத்துக் கழித்துப் பார்த்து எழுதுவார். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது என்று உத்தேசம்தான். அதனால் 0, 5 என முடியும் வயதுகளில் மட்டும் கூட்டம் சேர்ந்துவிடும்.

இது பெரிய பிழையல்ல. வேலைக் கட்டம்தான் உண்மையில் ஆளையே விழுங்குகிறது. "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கா" என்று புருஷன் முந்திக்கொள்வான். அதே நேரம் அவள் மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டிருப்பாள். களையெடுப்புக் காலத்தில் வயலில் கிடப்பாள். 1961இல் கேள்வி தாராளமாக இருந்தது. 1971இல் "முக்கியமான வேலை எது" என்று மாற்றினார்கள். உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. பெண்களா அந்தப் பத்தாண்டில் ஓய்வெடுத்தார்கள்? கேள்விதான் மாறியது. 1981இல் வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக உழைப்போரைத் தனியாக எண்ணத் தொடங்கினார்கள். "சும்மா" என்ற பதில் அதற்குப் பிறகும் ஒழியவில்லை. ஒரு நூற்றாண்டுக் கிராமக் கணக்கை வாசிக்கும்போது, மக்கள் எப்படி மாறினார்கள் என்பதோடு கேட்டவர்கள் எதைக் கேட்க நினைத்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

1881 முதல் பத்தாண்டு தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021இல் தவறியது. கொரோனா காரணம் சொன்னார்கள். கொரோனா போய் வெகுநாள் வரையிலும் தள்ளிப்போட்டதற்கு அது காரணமாகாது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எத்தனை பேருக்கு ரேஷன் என்பதே 2011 தொகையை வைத்துக் கட்டியது. அதற்குப் பின் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போனாலும் அந்த ஒதுக்கீட்டில் அதற்குத் தலை கிடையாது.

அடுத்த கணக்கு நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஐ நிலைநாளாகக் கொண்டு, சாதி விவரத்துடன் வரும் என்று அரசு அறிவித்திருக்கிறது. வந்தபின் ஊருக்கான பக்கம் டெல்லி இணையதளத்தில் மட்டும் கிடந்தால் போதாது. அதைக் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும், வேலைக் கட்டத்தைப் பெண்களின் முன்னால் முதலில்.