எடையும் மார்பகமும்

மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. அந்த வேலையைக் கொழுப்புத் திசு ஏற்கிறது. அதிலுள்ள அரோமட்டேஸ் நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எடை கூடினால் இந்த ஈஸ்ட்ரோஜனும் கூடும், மார்பகப் புற்றுநோய் அபாயமும் கூடும். எடை மரபணுவின் இயக்கத்தையும் தொடுகிறது. மரபணுவின் எழுத்து மாறாமலேயே, அதன்மேல் ஒட்டும் மெத்தில் எனும் வேதிக்குறிகள் அதை அடக்கவோ இயக்கவோ வல்லவை. உடல்பருமன் இக்குறிகளை மாற்றுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, ‘எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை’ என்ற நிம்மதி போதாது.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுதேடி ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. ‘வயசானா உடம்பு போடத்தான் செய்யும்’ என்று வீட்டார் ஒதுக்கிவிடும் எடையைப் பற்றியும் மார்பகப் பரிசோதனை பற்றியும், ஐம்பதைத் தொடும் பெண்களிடம் அத்திட்ட ஊழியர்கள் பேச வேண்டும். அதற்கான பயிற்சியை அரசு உடனே தர வேண்டும்.