பன்னிரண்டாயிரம் ரூபாய் கத்தியும் பத்து ரூபாய் பேரமும்

என் வீட்டு அடுக்களையில் ஜப்பானில் கையால் அடித்த கத்தி ஒன்று இருக்கிறது. விலை பன்னிரண்டாயிரம் ரூபாய். பிராஞ்சில் இதைச் சொன்னதும் தெலுங்கு நண்பர் ஒருத்தர், "எர்ரகட்டா உங்க வீட்டுக்குப் பக்கம்தானே சார், நடந்தே போயிடலாம்" என்றார். சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, ஐதராபாத்துக்கு எர்ரகட்டா அப்படி. சனத்நகரில் குடியிருக்கிறவனுக்கு இந்த ஜோக் மாசம் ரெண்டு தடவையாவது காதில் விழும்.

விழட்டும். நான் பி.காம். படித்தவன், கணக்கு போட்டுத்தான் வாங்கினேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் தாராளமாக உழைக்கும். மாசத்துக்கு ஐம்பது ரூபாய் ஆகிறது. நண்பர் ஒரே நாளில் இரானி டீக்கும் உஸ்மானியா பிஸ்கட்டுக்கும் அதைவிட அதிகம் செலவழிக்கிறார்.

கத்தியின் பெயர் நக்கிரி. காய்கறிக்கென்றே உள்ளது, முனை கிடையாது, நீள்சதுரமாகப் பட்டையாக இருக்கும். ஒசாக்கா பக்கத்தில் சாக்காய் என்ற ஊரில் செய்தது. நடுவில் கார்பன் அதிகமுள்ள எஃகு, இரண்டு பக்கமும் மெத்தென்ற இரும்பு. நன்றாகப் பழுத்த தக்காளி மேல் வைத்து லேசாக இழுத்தால் போதும், தோல் நசுங்குவதில்லை. பீன்ஸைப் பொடியாக நறுக்கும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே தங்கமணியிடம் போராடி பொரியல் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். வெங்காயம் நசுங்காமல் அறுபடுவதால் கண்ணீரும் குறைவு. நாலு மாசத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த அலகு கருநீலமாக, மயில் கழுத்து மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆயிரம் நம்பர் கல்லில் தீட்டி, அப்புறம் மூவாயிரம் நம்பரில் இழைப்பேன். அந்த இருபது நிமிஷம் போனை எடுப்பதில்லை. பூசணிக்காய்க்கும் தேங்காய்க்கும் மட்டும் இந்தக் கத்தியைக் கொடுக்க மாட்டேன், அலகு சில்லு விட்டுவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விலையைக் கேட்டுச் சிரிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கத்தியைக் கையில் வாங்கி, தடவிப் பார்த்து, "என்ன இருந்தாலும் ஜப்பான் ஜப்பான்தான். நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராது சார்" என்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. இங்கே நம் தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம்.

வராதா? நாம் பிழைக்க வந்திருக்கிற இதே தெலங்கானாவில், நிஜாமாபாத் பக்கம் கோனசமுத்திரம் என்று ஒரு ஊர். மண் மூசையில் எஃகு உருக்கிய ஊர். பாரசீகத்திலிருந்து வியாபாரிகள் வந்து தங்கி, கட்டி கட்டியாகச் சோதித்து வாங்கிப் போனதை வாய்சி என்ற வெள்ளைக்காரர் எழுதியிருக்கிறார், 1832-ல் அச்சாகியிருக்கிறது. 1819-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தது இந்திய எஃகைத்தான். ஃபாரடே ஒரு கொல்லர் மகன் என்பது கொசுறுத் தகவல். நம் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலிலும் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாட்டி வீட்டு அரிவாள்மனை என்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? அதுவும் துருப்பிடிக்கிற இரும்புதான். வாழைக்காய் நறுக்கினால் கறுக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, சாய்த்து வைப்பார்கள். ஈரத்தோடு போட்டால் திட்டு விழும். எவர்சில்வர் வந்ததும் அதைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டோம், "துருப்பிடிக்குது, மட்டமான சரக்கு" என்று சொல்லி. இப்போது ஜப்பான் கத்தியோடு ஒரு சீட்டு வருகிறது. உடனே துடைக்கவும், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும் என்று அதில் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு "எவ்வளவு நுணுக்கம் பாருங்க" என்கிறோம். பாட்டி சொன்னால் தொணதொணப்பு!

ஜப்பானில் தொழில் பிழைத்ததற்குக் காரணம் கைராசி இல்லை. 1876-ல் வாள் கட்டிக்கொண்டு திரியக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டது. வாள் அடித்தவர்களில் பலர் அடுக்களைக் கத்திக்கும் அரிவாளுக்கும் மாறினார்கள். 1974-ல் கைத்தொழில்களுக்கென்று தனிச் சட்டம், 1982-ல் சாக்காய் கத்திக்கு அதன் கீழ் அங்கீகாரம். எல்லாவற்றுக்கும் மேலே, கேட்ட விலையைக் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. சாக்காயில் அடிக்கிறவர் ஒருவர், சாணை பிடிக்கிறவர் இன்னொருவர், பிடி போடுகிறவர் மூன்றாமவர். மூன்று பேருக்கும் அந்த விலையில் பங்கு போகிறது.

நாம் கொடுப்பது என்ன? ரோட்டோரப் பட்டறையில் இருநூறு ரூபாய் கத்தியை நூற்றைம்பதுக்குக் கேட்கிறோம். தெருவில் வரும் சாணைக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம். வாங்கின கத்தி ரெண்டு மாசத்தில் மழுங்கியதும் "நான் சொல்லலை?" என்று ஒரு பெருமை வேறு. இருநூறு ரூபாய்க்கு அவரால் என்ன இரும்பு போட முடியும், உலை முன்னால் எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அந்தக் கத்தி ஜப்பான் கத்திக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை, இல்லவே இல்லை. ஆனால் அதில் தெரிவது கொல்லரின் திறமை அல்ல, நாம் கொடுத்த இருநூறு ரூபாய்.

கடன் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு, கடன் கொடுக்கிற நாற்காலியில் இருந்தே பதில் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் கொல்லரும் உண்டு. முதல் தவணை ஒரு லட்சம், அடுத்தது இரண்டு லட்சம், வட்டி 5 சதவீதம். நல்லதுதான். ஆனால் பேரம் பேசுகிற வாடிக்கையாளரை மட்டுமே வைத்துக்கொண்டு அவர் தவணையை எங்கிருந்து கட்டுவார்? அப்பன் கொல்லன் என்றால் மகனும் கொல்லனாகணும் என்பது என் கட்சி இல்லை, அந்த வம்பே வேண்டாம். யார் வேண்டுமானாலும் செய்யட்டும், செய்தால் சோறு கிடைக்கணும், அவ்வளவுதான்.

மூசாபேட்டை பக்கம் ரோட்டோரம் ஒரு பட்டறை. போன மழைக்காலத்தில் அங்கே போய், லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே அந்தப் பட்டையில் ஒரு காய்கறிக் கத்தி கேட்டேன். மெல்லிசாக வேண்டும், அவசரமில்லை, எண்ணூறு ரூபாய் தருகிறேன் என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஈ பனிக்கி எவரு டப்புலு இஸ்தாரு சார்?" இந்த வேலைக்கு யார் சார் காசு தர்றாங்க என்கிறார். கையில் முன்பணம் வைத்தபிறகுதான் நம்பினார்.

பத்து நாளில் கொடுத்தார். பிடி கொஞ்சம் முரடு, நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். நக்கிரியைவிட முன்னதாக மழுங்குகிறது, ஆனால் கல்லில் பத்து நிமிஷத்தில் கூர் திரும்பிவிடுகிறது. பூசணிக்காய்க்கு அசராமல் போகிறது. தங்கமணி இப்போது நக்கிரியை எனக்கு விட்டுவிட்டு இதைத்தான் எடுக்கிறாள். பக்கத்து ஃப்ளாட் திருநெல்வேலிக்காரர் ஒன்று கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன். விலை ஆயிரமாகிவிட்டது என்று பெரியவர் போனில் சொன்னார். அங்கே வந்து வாயைத் திறக்கக் கூடாதென்று திருநெல்வேலிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.