பூஜ்யம் சரி, முப்பத்தஞ்சு சரியா?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர் யாரிடமாவது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "முப்பத்தஞ்சு" என்று பட்டென்று பதில் வரும். அதாவது ஆயிரம் கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பு. எதை வைத்து அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர். அது சரியாகத்தான் காட்டுகிறது என்று எப்படித் தெரியும்? "ஆர்.ஓ. தண்ணி ரெண்டு சொட்டு விட்டுப் பாத்தேன், கரெக்டா பூஜ்யம் காட்டுச்சு."

இந்தக் கடைசிப் பதில்தான் என் பிரச்சினை. பவளம் வளர்ப்பவர்களிடையே இது வேதவாக்காகவே ஆகிவிட்டது.

தராசு காலியாக இருக்கும்போது முள் நேராக நிற்கிறது. அதனால் கடைக்காரர் போடும் ஒரு கிலோ சரியான ஒரு கிலோதான் என்று நம் வீட்டு அம்மாக்கள் ஒத்துக்கொள்வார்களா? "படிக்கல்லை எடுத்து வைய்யா" என்பார்கள். நம் கெமிஸ்ட்ரி லேபிலும் அதே கதைதான். அமிலத்தை அளக்கப் போகிறவன் பிஹெச் மீட்டரை 7 பஃபரில் மட்டும் முக்கிவிட்டு வந்தால், 4 பஃபரிலும் முக்கு என்று திருப்பி அனுப்புவார்கள். எந்த அளவை அளக்கப் போகிறோமோ, அதற்குப் பக்கத்தில்தான் கருவியைச் சரிபார்க்க வேண்டும்.

கடலை ஆராய்கிறவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். டென்மார்க்கின் மார்ட்டின் நுட்சன் காலத்தில், அதாவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கோபன்ஹேகனில் உப்பளவு துல்லியமாகத் தெரிந்த கடல்நீரைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். கப்பலில் இருந்த ஆய்வாளர் தன் அளவை அதோடுதான் ஒப்பிட்டுக்கொண்டார். இன்றும் அந்தக் குப்பிகள் இங்கிலாந்தில் தயாராகின்றன. வெறும் தண்ணீரை வைத்தே வேலை முடியும் என்றால் அவர்களுக்கு ஏன் இந்த வீண் செலவு?

சரி, பூஜ்யத்தில் சரியாக இருந்தால் 35-ல் ஏன் தவறும்? இரண்டு காரணம். ஒன்று, திருகாணியைத் திருகினால் மொத்தக் கோடும் மேலே கீழே நகரும், அவ்வளவுதான். கோடுகளுக்கு இடையிலான இடைவெளியே தப்பாக அச்சாகியிருந்தால் திருகாணி என்ன செய்யும்? இரண்டாவது இன்னும் மோசம். மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் கடல்நீருக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கானவை. கடல்நீரில் மெக்னீசியம், கால்சியம், சல்ஃபேட் எல்லாம் இருப்பதால் அது ஒளியை வளைக்கும் கணக்கே வேறு. 35 உள்ள நல்ல கடல்நீரை அந்தக் கருவி ஏறக்குறைய 36.5 என்று காட்டும். பூஜ்யத்திலோ இரண்டு வகைக் கருவியும் கச்சிதமாக ஒத்துப்போகும்!

விளைவைப் பாருங்கள். தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கருவி 36.5 என்கிறது. உரிமையாளர் பதறி, நல்ல தண்ணீரை ஊற்றி "சரி" செய்கிறார். உண்மையான அளவு 33.5-க்கு வந்துவிடுகிறது. உப்போடு கால்சியமும் காரத்தன்மையும் அதே விகிதத்தில் குறைகின்றன. அடுத்த வாரம் கால்சியம் குறைவு என்று ஒரு பாட்டில், காரத்தன்மை குறைவு என்று இன்னொரு பாட்டில். நோயே இல்லாத தொட்டிக்கு மூன்று வைத்தியம்.

"ஒன்றரைதானே வித்தியாசம்? செங்கடலின் வடபகுதியில் 40 இருக்கிறது, அங்கேயும் பவளம் வாழவில்லையா?" என்பார்கள். வாழ்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து பழகியது. உங்கள் தொட்டியில் இருப்பதை ஒரே மதியத்தில் ஏற்றி இறக்குகிறீர்கள். மீனுக்குச் செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன, எப்படியோ சமாளித்துவிடும். பவளத்துக்கும் நட்சத்திர மீனுக்கும் அந்த வசதி இல்லை. வெளியே என்ன உப்போ, உடலுக்குள்ளும் ஏறக்குறைய அதே உப்பு. ஆகவே "மீன் நல்லாத்தான் நீந்துது" என்பது எந்தச் சாட்சியமும் ஆகாது.

சரிபார்க்க என்ன செலவு? 35 என்று அச்சிட்ட சரிபார்ப்புத் திரவம் கடையில் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமா? 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடைக் கரையுங்கள். அது ஒளியை 35 கடல்நீர் வளைக்கும் அளவுக்கே வளைக்கும். அதை விட்டுக் கருவியை 35-ல் நிறுத்துங்கள். (ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. மின்கடத்துத்திறனை அளக்கும் மீட்டருக்கு அதற்குரிய திரவம் வேண்டும்.)

இவ்வளவுக்கும் பிறகு அளவு உண்மையிலேயே தப்பாக இருந்தால் மட்டும் தொட்டியில் கை வையுங்கள், அதையும் மெதுவாக. 200 லிட்டர் தொட்டியில் 38 இருக்கிறது, 35 வேண்டும். 200-ஐ 3-ஆல் பெருக்கி 38-ஆல் வகுத்தால் சுமார் 16 லிட்டர். அவ்வளவு தொட்டி நீரை எடுத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரே நாளில் அல்ல, மூன்று நாளில். குறைவாக இருந்தால், ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சில நாள் உப்புநீரை ஊற்றுங்கள், தானாக ஏறும். உப்பை அள்ளி நேராகத் தொட்டிக்குள் போடுவது பவளத்தின் தலையில் கொள்ளி வைப்பது.

அளவு ஏறியதும் மறக்காமல் நல்ல தண்ணீருக்குத் திரும்புங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். 100 லிட்டர் தொட்டியில் தினம் ஒரு லிட்டர் ஆவியாகி, அதை உப்புநீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு ஒரு கிலோ உப்பு கூடும். 35 என்பது 45-ஐத் தாண்டிவிடும்.

ஒரு பவளக் கிளை விரல் நீளம் வளர வருடங்கள் ஆகலாம். அதை வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயங்காதவர்கள், ஒரு சிட்டிகை உப்பை எடை போட்டுக் கரைக்க மட்டும் சோம்பல்படுகிறார்கள். சரிபார்க்காத கருவியை விடக் கருவியே இல்லாதது மேல். கருவி இல்லாதவனுக்குச் சந்தேகமாவது மிஞ்சும், சந்தேகம் இருப்பவன் தொட்டியில் அவசரமாகக் கை வைக்க மாட்டான்.