'கொஞ்சம்தான்' என்பவரிடம் அளவுகோல் ஏது?

நம் கிணத்துக்கடவு, கோவை - பொள்ளாச்சி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். வேலைக்குச் சென்ற பிள்ளை இஷாவுக்குப் பின்னும் வீடு திரும்பாவிட்டால், தாயின் காது அந்தச் சாலையிலேயே இருக்கும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநரின் இரத்தத்தில் மது எத்துணைச் சிறிதளவு இருப்பினும் குற்றமென்றே முதலில் கூறியது. 1994இல்தான் அதைத் திருத்தி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினால் மட்டுமே குற்றம் என்றாக்கினர். இங்கிலாந்தில் 80 வரை அனுமதி உண்டே என்பர் சிலர். அண்டையிலுள்ள ஸ்காட்லாந்து 2014இல் அதை 50 ஆகக் குறைத்ததை அவர்கள் சொல்வதில்லை.

மது நமக்கு அறவே ஹராம். ஆயினும் சாலை அனைவருக்கும் பொது. முப்பதை அளக்கும் கருவி காவலரிடம் உள்ளது. குடித்தவரிடம் இருப்பதோ 'கொஞ்சம்தான்' என்ற சொல் ஒன்றே!

முதன்முறை பிடிபடுவோருக்கான அபராதம் 2019இல் 2,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. நல்லதே. எனினும் இரவில் சோதனை நடந்தால்தானே அபராதம்? பேருந்து, பள்ளி வேன், லாரி ஓட்டுவோருக்கேனும் 1988இன் பழைய வாசகத்தையே அரசு மீண்டும் எழுதட்டும்.