பிள்ளையார் சுழி போடத் தெரியும்... 'கிக் ஆஃப்' பண்ணத் தெரியுமா?



நம்மில் பலர் பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ் மீடியம். டிப்ளமோவில் சேர்ந்ததும் புத்தகமெல்லாம் இங்கிலீஷ்! மூணு வருஷத்தில் லேத் ஓட்டுகிறோம், டிராயிங் போடுகிறோம். ஆனால் இன்டர்வியூ என்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது.

"புது வேலையை எப்படி கிக் ஆஃப் பண்ணுவீங்க?" என்று ஒரு கம்பெனி இன்டர்வியூவில் கேட்டிருக்கிறார்கள். நம்ம நண்பன், "யாரையோ உதைக்கச் சொல்றாங்க போல" என்று முழித்துவிட்டு வந்தான். வேலை தெரிந்தவன், ஒரு வார்த்தையால் வெளியே வந்தான். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா?

மனப்பாடம் பண்ணு என்கிறார்கள் சிலர். வார்த்தை பிறந்த இடத்தைத் தெரிந்து கொண்டால் மறக்காது என்பது என் தாழ்மையான கருத்து.

பந்தை நடுவில் வைத்து முதல் உதை விடுகிறார்களே, அதுதான் 'கிக் ஆஃப்'. பந்தயத்தில் தரையில் கீறிய ஆரம்பக் கோடு 'ஸ்க்ராட்ச்'. சிலருக்குச் சலுகையாக முன்னால் இடம் தருவார்கள்; சலுகை இல்லாதவன் கோட்டிலேயே நிற்பான். அதனால் 'ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்றால் ஒண்ணுமில்லாமல் ஆரம்பிப்பது. நம்ம கதைதான்! 'லாஞ்ச்' என்பது கப்பலைத் தண்ணீரில் இறக்குவது. 'இனாகுரேட்' என்ற சொல்லோ, பழைய ரோமாபுரியில் பறவை பார்த்துச் சகுனம் கேட்டதிலிருந்து வந்தது. பல்லி கத்தினால் வாசலில் நிற்கிற நம்ம பாட்டியும் அதே கட்சி!

போட்ட திட்டம் ஊத்திக் கொண்டால் 'பேக் டு த டிராயிங் போர்டு'. 1941-இல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரத்தால் பரவிய பேச்சு இது. விமானம் நொறுங்கிக் கிடக்கும். டிசைன் போட்டவர் வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டு நடையைக் கட்டுவார்.

கம்ப்யூட்டர் 'பூட்' ஆகுது என்கிறோமே, அது 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம். பூட்ஸை இழுத்து மாட்டத் தைத்த வார் அது. அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக் கொள்வது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வார்த்தை அந்நியமா?

நம்மிடமும் சரக்கு குறைவில்லை. பந்தக்கால் நடுகிறோம், பொன்னேர் பூட்டுகிறோம், கடையில் முதல் போணி, தேருக்கு வெள்ளோட்டம். சிலப்பதிகாரத்தில் 'கால்கோட் காதை' என்றே ஒரு பகுதி உண்டு. 2024 செப்டம்பரில் நம்ம பக்கத்துப் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இப்படிக் கட்டட வேலை ஆரம்பிப்பதை இங்கிலீஷில் 'பிரேக் கிரவுண்ட்' என்பார்கள். அதாவது மண்ணைக் கொத்துவது. அந்த மாதிரி இடங்களுக்கு மனு போடப் போகிறவர்கள் நாம்தானே?

ஒரு எச்சரிக்கை. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று பார்க்கிற மாதிரி வார்த்தையையும் பார்க்க வேண்டும். மெஷினை 'ஸ்டார்ட்' பண்ணலாம். 'கமென்ஸ்' பண்ண முடியாது. ஆபீஸ் கடிதத்தில் 'கமென்ஸ்' அழகு. நண்பனிடம் சொன்னால் சிரிப்பான். 'முதல் போணி'யை அப்படியே இங்கிலீஷாக்கினால் ஒருத்தருக்கும் புரியாது.

மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நோட்டீஸ் போர்டில் தினம் ஒரு சொல், அது பிறந்த கதையோடு எழுதிப் போடுங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் நமக்குள்ளேயே இங்கிலீஷில் பேசுவோம். தப்பு வந்தால் வரட்டும். கேலி மட்டும் வேண்டாம்.

நம்ம சோளிங்கர் மலைக்கு 1305 படி. 2024-இல் ரோப் கார் வந்துவிட்டது. மொழிக்கு ரோப் கார் கிடையாது நண்பர்களே, படி ஏறித்தான் ஆகணும். நாளைக்கே முதல் படியில் காலை வைப்போமா?