வலுவான சுருள்வில் வெற்றி தருமா?

போட்டிக் கைத்துப்பாக்கியில் வலுவான சுருள்வில்லைப் பொருத்தினால் பின்னுதைப்பு குறைந்துவிடும் என்று மாணவர்கள் சிலர் நம்புகிறார்கள். அது தவறான எண்ணம்.

இயற்பியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். குண்டு முன்னே பாயும்போது, அதற்கு ஈடான உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. எந்தச் சுருள்வில்லாலும் அதை அழிக்க முடியாது. அந்த உதைப்பைச் சற்று நேரம் பரப்பி, பின்னே போன ஸ்லைடை மீண்டும் முன்னே கொண்டுவருவதே அதன் வேலை.

0.45 அங்குலத் தோட்டாவுக்கான 5 அங்குல 1911 ரகத் துப்பாக்கியில் வழக்கமாக 16 பவுண்டு சுருள்வில் இருக்கும். விசை குறைந்த தோட்டாவுக்கும் அதையே வைத்தால் ஸ்லைடு முழுதாகப் பின்செல்லாமல் காலிக் கூடு சிக்கிக்கொள்ளலாம். மிகத் தளர்ந்ததை வைத்தாலோ உலோகம் உலோகத்தில் பலமாக மோதும். நடுவே வைக்கும் பஃபர் அந்த மோதலைத் தணிக்கும். ஆனால் ஸ்லைடின் ஓட்டத்தையும் சற்றுக் குறைக்கும். நைந்துபோனால் அதன் துணுக்கே இயக்கத்தைத் தடுக்கும்.

ஆகவே, எது வலுவானது என்பதைவிட எது பொருத்தமானது என்பதே முக்கியம். முதலில் தோட்டாவை முடிவுசெய்ய வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சுட்டுப் பார்த்து, குறித்துவைக்க வேண்டும். அறிவியல் கூடத்தில் நாம் கற்பதும் இதைத்தானே?

பூப்பந்து மட்டைக்கும் இது பொருந்தும். வெற்றியாளரைப் பார்த்து நரம்பை அளவுக்கு மீறி இறுக்கினால், பழகாத கைக்கு அடியின் வேகம்தான் குறையும். பெற்றோரின் பணத்தைச் செலவிடுமுன் கேளுங்கள்: இது எனக்குப் பொருந்துமா?